கட்டடமும் சபையும்: வட்டுக்கோட்டைத் தேவாலயம் சொல்லும் பாடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசவேண்டுமென்று செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, நீரிழிவைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அதைப் பேச உமக்கு எத்தனையோ மேடை இருக்கு. இங்கை வேறை ஏதாவது சொல்லும்" என்றார். ஆகவே இன்று மருந்து எதுவும் எழுதித் தரப்போவதில்லை. ஒரு தேவாலயத்தின் கதையைச் சொல்லப்போகிறேன்.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவள் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விரதத்தோடு பள்ளிக்கூடம் வந்து, காலைக் கூட்டத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கீதமும் பாடி வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் ஒரு கிறிஸ்தவ சபையின் கதையைச் சொல்ல வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் ஏடு தொடக்கிப் படிக்க வந்த கதை அந்தச் சபையின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. நாங்கள் எந்தச் சமயத்தவராயினும் அந்தக் கடன் எங்களுக்கு உண்டு. இது முதலாவது காரணம். இரண்டாவது காரணம், எங்கள் சங்கம் நூற்றாண்டு நினைவாக எழுப்ப எண்ணியிருக்கும் மண்டபம். அதைப் பற்றி முடிவில் ஒரு வார்த்தை சொல்வேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர்ப் பக்கமாகப் போகும்போது வட்டுக்கோட்டை வரும். அங்கே யாழ்ப்பாணக் கல்லூரிக்கு அருகில் ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. இன்று அது தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம். சுவர்கள் மிகவும் தடித்தவை. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. உள்ளே பருத்த தூண்களும் வளைவுகளும் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். பாடசாலை நாட்களில் ஒரு நத்தார் கீத ஆராதனைக்கு எங்களை அங்கே கூட்டிச் சென்றார்கள். வெளியில் வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்ததும் கிணற்றடிக் குளிர்மை. எங்களுடன் வந்த ஆசிரியை, "இந்தச் சுவர் மூன்று அரசுகளைப் பார்த்தது பிள்ளையள்" என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அவர் சொன்னதன் பொருள் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். கோவிற்பற்றுகளாக நாட்டைப் பிரித்து ஒவ்வொன்றிலும் கத்தோலிக்க ஆலயம் எழுப்பினார்கள். வட்டுக்கோட்டை ஆலயத்தின் தொடக்கம் அந்தக் காலத்தது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது அந்த ஆலயங்கள் எல்லாம் அவர்கள் கைக்கு மாறின. வட்டுக்கோட்டை ஆலயத்தை 1678 இல் அவர்கள் புதுப்பித்துக் கட்டினார்கள்.

ஒல்லாந்தர் கொண்டுவந்த சமயம் சீர்திருத்தத் திருச்சபை. ஸ்கொட்லாந்தில் அதே வழியைப் பின்பற்றுவோரைப் பிரெஸ்பிற்றேரியன் சபையார் என்பார்கள். பிரெஸ்பிற்றர் என்றால் மூப்பர். ஆயர் ஒருவர் மேலிருந்து ஆளாமல், போதகரும் சபையார் தெரிந்தெடுத்த மூப்பரும் கூடியிருந்து சபையை நடத்துவதே அந்த முறையின் உயிர். எங்கள் ஊர்ப் பேச்சிற் சொன்னால், சபைக்குச் சொந்தக்காரர் சபையாரே.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வரும்போது அந்த உயிர் கப்பலிலேயே தங்கிவிட்டது போலும். இங்கே போதகருக்குச் சம்பளம் கொடுத்தது ஒல்லாந்த வணிகக் கம்பனி. மூப்பர் கூட்டத்தில் கம்பனியின் அதிகாரி ஒருவரும் அமர்ந்திருப்பார். ஞானஸ்நானம் பெறாதவர் அரச உத்தியோகம் பெற முடியாது. பிறப்பும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பிற் பதியப்பட்டன. அந்தப் பதிவில்லாமல் காணி, முதுசம் என்று எந்த உரிமையையும் நிலைநாட்டுவது கடினம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குற்றப்பணம்.

விளைவு என்ன? 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ். தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் ஐரோப்பியருக்கு அச்சில் அறிமுகப்படுத்திய அவருடைய பெருநூல் 1672 இல் வெளிவந்தது. வட்டுக்கோட்டை ஆலயமும் அதில் இடம்பெறுகிறது. 1663 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தொகையாக அவர் காட்டுவது 62,558. அடிமைகள் இதில் அடங்கார். இத்தனை பேரையும் கவனிக்க இருந்த போதகர்களையோ ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

வளரும் சபை என்று இதைச் சொல்லலாமா? கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே காலத்தைப் பற்றி எங்கள் வீடுகளிற் சொல்லிவரும் கதை வேறு. விரத நாட்களில் சைவச் சமையல் சமைத்து, சாப்பிட்ட வாழையிலையை வெளியில் வீசாமல் வீட்டு இறப்பிற் செருகி ஒளித்துவைப்பார்களாம். இலையைக் கண்டால் அதிகாரிகளுக்குச் சேதி போய்விடும் என்ற பயம். என் அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது, தானே கூரையைத் தூக்கி இலையைச் செருகியதுபோலக் கையைக் காட்டுவார். தோம்பில் ஒரு பெயர், இறப்பில் ஓர் இலை. எண்ணூறு பேர் ஒரே நாளில் வந்து வெளிநோயாளர் பிரிவில் பதிந்தால், எண்ணூறு பேரும் குணமடைந்தார்கள் என்று எந்த வைத்தியரும் எழுதமாட்டார். அந்தத் தோம்புக் கணக்கும் அப்படிப்பட்டதே.

ஒல்லாந்தர் காலத்தில் மெய்யாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது நீதியன்று. இந்நாட்டிற் பிறந்து அவர்களுடைய சபையில் குருப்பட்டம் பெற்ற பிலிப்பு தெ மெல்லோ என்ற அறிஞர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சாயிற்று. கம்பனி கட்டிய பல ஆலயங்கள் இன்று இல்லை; அந்த மொழிபெயர்ப்பைத் தமிழ் வேதாகம வரலாறு மறக்கவில்லை.

1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஞானஸ்நானம் பெற்றால்தான் உத்தியோகம் என்ற கட்டாயம் நீங்கியது. கட்டாயம் நீங்கியதும் சபையும் கலைந்தது. ஒருவரும் அடித்துத் துரத்தவில்லை; சண்டை இல்லை; மக்கள் வராமல் விட்டார்கள், அவ்வளவுதான். 1806 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியஸ் புக்கானன் என்ற போதகர், பழைய ஆலயங்கள் பாழடைந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழ்ப் போதகர் ஒருவரே அந்தப் பெரும் வெறுமைக்குள் ஊழியம் செய்துகொண்டிருந்தார். நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் நடத்திய சபை பதினொரு ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று. வட்டுக்கோட்டையில் சுவர் நின்றது, கூரை இல்லை.

இனிக் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நியூபெரிபோட் என்ற துறைமுக ஊர். அங்குள்ள பிரெஸ்பிற்றேரியன் தேவாலயத்தின் பிரசங்க பீடத்தின் கீழேதான் ஜோர்ஜ் வைற்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற பிரசங்கியார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815 ஆனி மாதம் 21 ஆம் திகதி அந்த ஆலயத்தில் இளைஞர் சிலர் மிஷன் ஊழியத்துக்கெனக் குருப்பட்டம் பெற்றார்கள். டானியல் பூவர், பெஞ்சமின் மெக்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வொறன் ஆகியோர் அவர்களுட் சிலர். இவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம் கொங்கிறிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிற்றேரியன் சபையாரும் கூட்டாக நடத்தியது. அந்த ஆண்டு ஐப்பசியில் 'டிறையட்' என்ற சிறு கப்பலில் ஏறி, ஐந்து மாதம் கடலில் இருந்து, 1816 பங்குனியில் கொழும்பில் இறங்கினார்கள்.

தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த ஆலயங்களையும் பழைய குருமனைகளையும் ஆங்கில அரசு அவர்கள் பாவனைக்குக் கொடுத்தது. வொறனும் பூவரும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். மெக்ஸ் குடும்பமும் றிச்சட்ஸ் குடும்பமும் 1817 இல் வட்டுக்கோட்டைக்குக் குடிவந்தன. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியவர்கள் மிகச் சிலர். முதற் சில ஆண்டுகளில் சபையிற் சேர்ந்த நாட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த நால்வருக்கும் என்ன நேர்ந்தது என்பதை ஒரு வைத்தியராக நான் சொல்லாமல் விட முடியாது. வொறன் நெஞ்சுநோய் முற்றி 1818 இல் கேப்ரவுணில் இறந்தார். றிச்சட்ஸ் 1822 இல் தெல்லிப்பழையில் இறந்தார், அவருக்கும் சயரோகம். பூவர் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய உழைத்து 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார். இன்று ஆறு மாத மாத்திரையாலும் சில போத்தல் சேலைனாலும் காப்பாற்றக்கூடிய உயிர்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் ஒரு செய்தி இங்கே இருக்கிறது. 1819 இறுதியில் ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது மருத்துவ மிஷனரியாக அவரைக் குறிப்பிடுவார்கள். அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் தெரியுமா? நியூயோர்க்கில் குடியேறிய ஒல்லாந்தரின் வழிவந்த அதே சீர்திருத்தச் சபை. ஒரே சபை எங்கள் ஊருக்கு இரண்டு முறை வந்தது. முதன்முறை தோம்போடும் குற்றப்பணத்தோடும் வந்தது. போனபோது யாரும் தேடவில்லை. இரண்டாம் முறை மருந்துப் பெட்டியோடு வந்தது. ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் 1918 இல் வேலூரிற் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நெஞ்சொலி கேட்கும் குழாயைக் கழுத்திற் போட்டுக்கொண்டு நடக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்தக் குடும்பத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

வட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். சபை மெல்ல மெல்ல வளர்ந்தது. அதை வளர்த்தது பிரசங்கத்தை விடப் பள்ளிக்கூடமே என்று சொல்லத் தோன்றுகிறது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் தமிழிலக்கியமும் அங்கே ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர்களும் அச்செமினரியிற் படித்த தமிழர்களே. 1824, 1825 ஆண்டளவில் மாணவர் பலர் தாமாக முன்வந்து சபையிற் சேர்ந்தார்கள். தோம்புக்காக அல்ல, சேர்ந்தால் வீட்டில் ஏச்சும் ஊரில் ஒதுக்கமும் கிடைக்கும் என்று தெரிந்தே சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். படித்த கிறிஸ்தவ இளைஞருக்குப் படித்த மணமகள் எங்கே? பெண்பிள்ளை எழுத்துப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். மழைக்கு ஒதுங்கி மிஷன் வீட்டு விறாந்தைக்கு வந்த இரண்டு சிறுமிகளிலிருந்துதான் அது தொடங்கியது என்று ஒரு கதை வழங்குகிறது. பெற்றாரைச் சம்மதிக்க வைப்பதற்கு மிஷனும் எங்கள் ஊர் வழக்கத்துக்குள் இறங்கத்தான் வேண்டியிருந்தது: படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமாக ஒரு தொகை கொடுத்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சீதனத்துக்குள் ஒளிந்துதான் எங்கள் கையில் புத்தகம் வந்தது.

வின்ஸ்லோ அம்மையார் 1833 இல் இறந்தார். 1840 இல் எலைசா அக்னியூ அம்மையார் யாழ்ப்பாணம் வந்தார். நியூயோர்க் நகரில் ஒரு பிரெஸ்பிற்றேரியன் சபையில் வளர்ந்தவர். சிறு வயதில் பூமிசாஸ்திர வகுப்பில் உலகப் படத்தைப் பார்த்தபோதே மிஷனரியாக வேண்டுமென்று நினைத்தவராம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிற் பள்ளியை நடத்தினார். ஒருமுறை கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. தான் படிப்பித்த பிள்ளையின் பிள்ளையையும், அந்தப் பிள்ளையின் பிள்ளையையும் படிப்பித்தார். 1883 இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். சபையின் வளர்ச்சியை அளக்க வேண்டுமானால் நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். தாய் வாசிக்கத் தெரிந்த வீட்டில் பிள்ளை வாசிக்கும். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எந்த வாங்கில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

குறைகளையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். பெற்றார் வைத்த பெயர் போயிற்று. சைவப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்ததால், வளவுக்கு வெளியே குசினி வைக்க வேண்டிவந்தது. சாதி வேற்றுமை சபையின் வாசலோடு நின்றுவிடவும் இல்லை. உள்ளேயும் வந்து அமர்ந்தது. மூப்பர் ஆட்சி என்ற அழகான கொள்கையும் நெடுங்காலம் வெள்ளையர் ஆட்சியாகவே இருந்தது.

அதை மாற்ற 1855 இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்தார். சபை தன்னைத் தானே ஆளவேண்டும், தன் செலவைத் தானே தாங்கவேண்டும், தானே பரவவேண்டும் என்பது அவர் கொள்கை. உள்ளூர்ப் போதகர் கையில் சபைகளை ஒப்படைக்கும் வழி அதனாற் திறந்தது. ஆனால் அதே கையோடு வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. சபை தன்னைத் தாங்குமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தார் கொடுத்த விடை 1872 இல் வந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் விடாமுயற்சியால் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 62,558 பேரால் ஒரு கூரையைக் காப்பாற்ற முடியாத ஊரில், சொற்ப தொகையினர் மூடிய பள்ளியைத் திறக்க வைத்தார்கள்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1908 இல் தென்னிந்தியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த கொங்கிறிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிற்றேரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய திருச்சபை ஆயின. 1947 புரட்டாதி 27 ஆம் திகதி அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும் சேரத் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. ஆயர் வேண்டாம் என்ற மரபில் வளர்ந்தவர்கள் ஒற்றுமைக்காக ஆயரை ஏற்றார்கள். யாழ்ப்பாண ஆதீனத்தின் முதலாவது பேராயர் சபாபதி குலேந்திரன், இந்த மண்ணின் மைந்தர். கூரையில்லாமற் கிடந்த வட்டுக்கோட்டை ஆலயம் பேராலயம் ஆயிற்று.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டடத்தையும் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706 இல் சிலுவை வடிவில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். வட்டுக்கோட்டையை விடச் சிறப்பான வேலைப்பாடு. ஆனால் அது கோட்டைக்குள், காவலுக்குள் இருந்த ஆலயம். ஊரில் ஒல்லாந்தர் வழிவந்தோர் குறைய, அதற்கென்று ஒரு சபையும் இல்லாமற் போயிற்று. 1990 இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அது நொறுங்கியது. பின்னர் கோட்டை மதில்களைத் திருத்தினார்கள்; உல்லாசப் பயணிகள் வந்து படம் எடுக்கிறார்கள். அந்த ஆலயத்தில் கூடுவதற்கு எவரும் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். 1995 ஐப்பசி 30. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை சென்றது. அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். தென்மராட்சியில் ஒரு சிறு தேவாலயம் எங்களுக்கு இடம் தந்தது. வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கி, நிலத்தில் பாய் விரித்து, எத்தனையோ குடும்பங்கள். அங்கிருந்த மூப்பர் ஒருவர் கொப்பியும் பேனையுமாக வந்தார். பெயர் பதியப்போகிறார் என்று அம்மம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூப்பர் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, பால்மா தேவைப்படுகிற குழந்தையள் எத்தினை பேர்? சீனி வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மம்மா தேவாலய விறாந்தையில் மூன்று கல் வைத்துச் சைவமாகச் சமைத்தார். மூப்பரின் மனைவி தன் வீட்டுக் கொல்லையிலிருந்து வாழையிலை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டு முடிந்ததும் அம்மம்மா இலைகளை மடித்து, எல்லோருக்கும் முன்னால் முற்றத்துக் குப்பைக் கிடங்கிற் போட்டார். அந்தக் காட்சியை நான் மறக்கவே இல்லை. முந்நூறு வருடத்துப் பயம் ஒன்று அந்தக் கிடங்கில் விழுந்தது போல இருந்தது. அம்மம்மா சாகும்வரை சைவம்தான். ஆனால் அந்தத் தேவாலயத்தின் பேச்சு வந்தால், "எங்கடை கோயில்" என்பார்.

அந்த இடப்பெயர்வின் பின்னர் எங்கள் சனம் உலகெங்கும் சிதறியது. ரொறன்ரோவில் என் தங்கை வீட்டுக்குப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதியோடு தமிழ் ஆராதனைக்குப் போனேன். கட்டடம் அந்நாட்டு வெள்ளையருடையது. அவர்களிற் சில முதியவர்கள் காலையில் வந்து போய்விடுவார்கள். பிற்பகலில் எங்கள் ஆட்கள் அதே வாங்குகளை நிறைக்கிறார்கள். குழந்தைகளின் சத்தத்தில் போதகரின் குரல் கேட்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து இங்கே வெறுங் கட்டடத்தை நிரப்பினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து இங்கிருந்து போன ஆட்கள் அந்தக் கண்டத்தில் ஒரு வெறுங் கட்டடத்தை நிரப்புகிறார்கள்.

இனி எங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். கட்டவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு விறாந்தை இல்லாவிட்டால் அந்த இரண்டு சிறுமிகளும் எங்கே போயிருப்பார்கள்? 1995 இல் நாங்கள் எங்கே படுத்திருப்போம்? கட்டடம் வேண்டும். ஆனால் சேரும் பணத்தில் ஒரு பங்கைக் கல்லுக்கும் சீமெந்துக்கும் எடுக்கும் அதே நாளில், இன்னொரு பங்கைப் பிள்ளைகளுக்கென்று தனியாக எடுத்துவைப்போம். என் சிகிச்சை நிலையத்துக்கு இரத்தச்சோகையோடு வரும் மாணவிகளைப் பார்க்கிறேன். காலைச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு வருகிறார்கள். அப்பா இல்லாத வீடுகள், அம்மா கூலிவேலைக்குப் போகும் வீடுகள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குத் தகுதி இருந்தும் பிரத்தியேக வகுப்புக்குக் காசில்லாமல் வேறு பிரிவுக்கு மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேரை எங்கள் சங்கம் பொறுப்பேற்கட்டும். அவர்களுக்கு எங்கள் பெயரைச் சூட்டத் தேவையில்லை. பெற்றார் வைத்த பெயரோடேயே படிக்கட்டும். வருடத்தில் இருமுறை மாணவிகளுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடத்த நானும், எங்கள் வகுப்பிற் படித்து வைத்தியராயிருக்கும் மற்ற மூவரும் தயாராயிருக்கிறோம். இதை இந்த மேடையிலேயே எழுத்திற் தருகிறேன்.

மண்டபத்தின் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கும்போது, அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று யாரும் பெருமைப்படவேண்டாம். பட்டியலைப் பற்றி வட்டுக்கோட்டைச் சுவருக்குத் தெரியும். எங்கள் இரண்டாம் நூற்றாண்டு விழாவில் நாங்கள் ஒருவரும் இருக்கமாட்டோம். இன்று நிலத்தில் அமர்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளின் பேத்திமார் அந்த மண்டபத்தில் இடமில்லாமல் விறாந்தையில் நிற்கவேண்டும். அதுவே என் பிரார்த்தனை.